ஓதம் ஏறிய சுவருக்கு எந்தப் பூச்சு? நம் கடைவீடுகளின் காரை சொல்லும் வரலாறு



பினாங்கு ஜார்ஜ்டவுனிலோ மலாக்காவிலோ சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலோ நூறு வயதைக் கடந்த கடைவீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடிப் பாதையில் நின்று சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ சாயம் கொப்புளம் போல எழும்பியிருக்கும். விரலால் தட்டினால் உதிரும். உள்ளே மாவு தூவியதுபோல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். "இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எல்லாத்தையும் கொத்திப் போட்டுட்டு நல்லா கெட்டியா சிமெண்டு பூசிடுங்க. அப்புறம் பிரச்சினையே இருக்காது."

அந்தப் பதில் சரிதானா? இதற்கு விடை தேடப் பாதி அறிவியல் வேண்டும், பாதி வரலாறு வேண்டும். அந்தச் சுவரை யார் கட்டினார்கள், எதைக் கொண்டு கட்டினார்கள், எதை நம்பிக் கட்டினார்கள் என்று தெரியாமல் அதற்கு மருந்து எழுத முடியாது. வரலாறு பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கும் மாணவருக்குக் காட்ட, இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் சொற்கள்

சுவரில் ஊறும் ஈரத்துக்குத் தமிழில் 'ஓதம்' என்று பெயர். பழைய இலக்கியத்தில் இதே சொல் கடலையும் கடலலையையும் குறிக்கும். கடல் ஏறி இறங்குவதுபோல் ஈரமும் சுவரில் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. செங்கல்லை இணைக்கவும் சுவரை மூடவும் குழைத்தெடுக்கும் கலவை 'சாந்து'. சுண்ணாம்புச் சாந்தால் பூசி இறுகிய பூச்சு 'காரை'. "காரை பேந்து போச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கோவில் கோபுரத்து உருவங்களைச் 'சுதைச் சிற்பம்' என்கிறோமே, அந்தச் 'சுதை'யும் சுண்ணாம்புக் குடும்பத்துச் சொல்தான். சிமெண்டுக்குத் தமிழில் 'சீமைக்காரை' என்றொரு பெயர் உண்டு. சீமையிலிருந்து வந்த காரை என்று பொருள். இந்தப் பெயருக்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

பழைய சுவர் எப்படி வேலை செய்தது?

1822இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த அறிவுறுத்தல்களில், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும் வீடுகளின் முன்புறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், முன்னால் தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை வேண்டும் என்று குறிப்பிட்டார். ஐந்தடிப் பாதை என்று நாம் அழைக்கும் அமைப்புக்கு நகரத் திட்டத்தில் இடம் கிடைத்த கதை இது. நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் இத்தகைய கடைவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அவற்றின் சுவர், இன்று நாம் கட்டும் சுவர் அல்ல. செங்கல் மென்மையானது, நீரை எளிதில் உறிஞ்சும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் தரையிலிருந்து நேராக எழும். ஈரம் மேலே ஏறாமல் தடுக்க இன்று அடித்தளத்துக்கு மேல் போடும் தடுப்புப் படலம் அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர், கடலோர மண், ஆழமில்லாத அடித்தளம். ஈரம் ஏறாமல் இருக்குமா? ஏறத்தான் செய்யும்.

கட்டியவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். ஈரம் வரும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். வந்த ஈரம் வெளியேறுவதற்கும் வழி வைத்தார்கள். அந்த வழிதான் சுண்ணாம்புக் காரை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவற்றின் வழியே நீர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். வீட்டின் நடுவே திறந்த முற்றம், உயரமான கூரை, சன்னலுக்கு மேல் காற்றுத் துளைகள் எல்லாமே அந்தக் காற்றோட்டத்துக்குத்தான். சுவர் நனையும், காயும், மறுபடி நனையும். மூச்சு விடுவதுபோல் இது நடந்துகொண்டே இருக்கும். பழைய சுவர் நனைவதால் கெடுவதில்லை. காய வழியில்லாமல் போகும்போதுதான் கெடுகிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மறுபடி கல்லாகும் கதை

அறிவியல் ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளப்பாறை மூன்றுமே வேதியியல்படி பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். அதைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து, பொரிந்து, மாவாகவோ களியாகவோ மாறும். இதற்கு 'நீற்றுதல்' என்று பெயர். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இந்த நீற்றிய சுண்ணாம்புதான். மலாயில் இதற்குக் 'காப்பூர்' என்பார்கள். நம் மாணவர்களுக்கு இரண்டு சொல்லும் தெரியும், இரண்டும் ஒரே பொருள் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நீற்றிய சுண்ணாம்பில் மணல் கலந்து சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெதுவாக உள்ளிழுத்து மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும். காளவாயில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. மேல்பரப்பு இறுக வாரங்கள் ஆகும், உள்ளே முழுதும் இறுக ஆண்டுகள்கூட ஆகும். சிறு விரிசல் விழுந்தால் அருகிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தில் கரைந்து விரிசலில் படிந்து அதை அடைத்துவிடுவதும் உண்டு.

'மதராஸ் சுண்ணாம்பு' இங்கே வந்தது எப்படி?

இனி வரலாற்றுப் பகுதிக்கு வருவோம். ஆங்கில அகராதியில் 'சுனம்' என்றொரு சொல் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து என்று பொருள். அது இந்தியாவிலிருந்து போன சொல், நம் 'சுண்ணாம்பு'க்கு உறவு. 19ஆம் நூற்றாண்டு சிங்கப்பூர் ஆவணங்களில் 'மதராஸ் சுனம்' என்ற பெயர் வருகிறது. அதைச் சுவரில் பூசியவர்கள் யார் தெரியுமா? கைதிகள்.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேய–டச்சு ஒப்பந்தத்தின்படி சுமத்ராவிலிருந்த பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போனது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களும் வங்காளத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். பினாங்குக்கோ அதற்கும் முன்பே இந்தியக் கைதிகள் வந்திருந்தார்கள். சாலை வெட்டுவது, சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்புவது, செங்கல் அறுப்பது, சுண்ணாம்பு சுடுவது, தச்சு வேலை, கொத்து வேலை என்று நகரத்தின் பெரும்பகுதி அவர்கள் கைகளால் உருவானது. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாக பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்தன. 1873இல் சிங்கப்பூரின் இந்தியக் கைதிகள் அமைப்பு கலைக்கப்பட்டது.

அவர்களின் கைவேலைக்குப் பெரிய சான்று சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். முதலில் இருந்த தேவாலயக் கட்டடத்தை 1845இலும் 1849இலும் இடி தாக்கியது. பின்னர் அதை இடித்துவிட்டு, ரொனால்டு மெக்ஃபர்சன் வரைந்த திட்டப்படி 1856இல் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1861இல் அதில் முதல் வழிபாடு நடந்தது. வேலை செய்தவர்கள் இந்தியக் கைதிகள். கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மேஜர் மெக்நேர், 1899இல் வெளிவந்த தமது நூலில் உள்சுவர்ப் பூச்சின் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் போன்ற கரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து பூசி, காய்ந்ததும் உருண்டைக் கல்லாலோ படிகக் கல்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்கினார்களாம்.

தமிழ்நாட்டு வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தச் செய்முறை புதிதாக இருக்காது. செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான சுவர்ப் பூச்சிலும் முட்டை வெள்ளைக்கரு இருந்தது. வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய வழக்கம். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், வெள்ளைக்கருவிலுள்ள புரதம் சாந்தைக் குழைவாக்கும். ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் கைப்பழக்கம் கண்டுபிடித்த வேதியியல் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "தேவாலயத்தைக் கட்டியது தமிழர்கள்" என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். கைதிகள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். சான்று சொல்வது இவ்வளவுதான்: வேலை செய்தவர்கள் இந்தியக் கைதிகள், பூச்சு முறை மதராஸின் பெயரைத் தாங்கியிருந்தது, செய்பொருள்கள் தென்னிந்திய வழக்கத்தோடு ஒத்துப்போகின்றன. சான்று எங்கே நிற்கிறதோ அங்கே நாமும் நிற்க வேண்டும். பெருமைக்காக ஓர் அடி தாண்டினால்கூட அது வரலாறு ஆகாது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். மேற்பார்வையாளரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, கட்டட வல்லுநரின் பெயர் கல்வெட்டிலும் பாடநூலிலும் இருக்கிறது. சாந்து அரைத்தவர் பெயரையும் சுவர் தேய்த்தவர் பெயரையும் கட்டடத்தில் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்றது அந்தக் காரையைத்தான். சாதாரணக் கடைவீட்டுக்கும் இது பொருந்தும். பழைய காரையை யோசிக்காமல் கொத்திப் போடும்போது, பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் விட்டுச்சென்ற சான்றையும் சேர்த்தே லாரியில் ஏற்றி அனுப்புகிறோம்.

சீமைக்காரை வந்த பிறகு

1824இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 'போர்ட்லண்ட் சிமெண்டு'க்குக் காப்புரிமை பெற்றார். இறுகிய பிறகு போர்ட்லண்ட் என்னுமிடத்துக் கட்டடக்கல் போல இருந்ததால் அந்தப் பெயர். கவனியுங்கள், பென்கூலன் கைமாறக் காரணமான ஒப்பந்தமும் இதே ஆண்டுதான். ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சிரமப்படும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்டுக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான். அதோடு களிமண் சேர்த்து இன்னும் அதிக வெப்பத்தில், இன்றைய முறையில் ஏறத்தாழ 1,450 பாகையில் சுடுகிறார்கள். சுண்ணாம்புக்கு வாரக்கணக்கு என்றால் சிமெண்டுக்கு மணிக்கணக்கு. மூட்டையில் வருகிறது, எங்கே வாங்கினாலும் ஒரே தரம், யாரும் எளிதில் பூசலாம். 1950களில் ரவாங்கில் தொழிற்சாலை வந்ததும் மலாயாவிலேயே சிமெண்டு உற்பத்தியானது. காளவாய்கள் அணைந்தன. சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கைகளும் குறைந்தன.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்தது. அதனால் ஏழைக் குடும்பங்களும் சிறு வணிகர்களும் நகர நடுவிலேயே வாழ முடிந்தது. கட்டடங்களும் இடிபடாமல் தப்பின. ஆனால் குறைந்த வாடகை வாங்கும் உரிமையாளர் கூரையைப் பழுது பார்ப்பாரா? பல வீடுகளில் பராமரிப்பே நின்றுபோனது. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுதும் விலகியது. வாடகை ஏறியது, பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேறினார்கள், வீடுகள் கைமாறின, அவசர அவசரமாகப் புதுப்பிப்பு வேலைகள் தொடங்கின. அவசர வேலைக்குக் கைக்கு முதலில் கிடைப்பது எது? சிமெண்டுதான். ஒரே சட்டம் கட்டடத்தைக் காத்தது, பழுதாகவும் விட்டது. 'ஒரு நிகழ்வின் விளைவுகளை ஆராய்க' என்ற வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு இது.

சிமெண்டு பூசினால் சுவருக்குள் என்ன நடக்கிறது?

மண்ணிலிருந்து ஏறும் நீரில் உப்பு கரைந்திருக்கும். சுண்ணாம்புக் காரையில் நீர் ஆவியாகும்போது உப்பு காரைக்குள்ளோ அதன் மேற்பரப்பிலோ படியும். காலப்போக்கில் காரை உதிரும், செங்கல் தப்பிக்கும். செங்கல்லுக்காகத் தன்னைக் கொடுக்கும் பூச்சு அது. உதிர்ந்ததை மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடித்ததும் இந்தப் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

இதே சுவரில் கெட்டிச் சிமெண்டு பூசி, அதன்மேல் நெகிழிப் படலம் போன்ற சாயமும் அடித்துவிட்டால்? முதல் ஓர் ஆண்டு, ஈராண்டு சுவர் பளிச்சென்று இருக்கும். "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்பார் காண்ட்ராக்டர். ஆனால் நீர் ஏறுவது நிற்கவில்லை. வெளியேற வழி அடைபட்டதால் அது இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடியும் இடத்தைத் தேடும். இடுப்பளவு இருந்த கறை தோளளவு வரும். உப்பு சிமெண்டுக்குப் பின்னால், செங்கல்லின் முகத்திலேயே படிகமாகும். படிகம் வளர வளரச் செங்கல் பொடியாகும். இன்னொன்று, சிமெண்டு விறைப்பானது. பழைய சுவர் வெயிலுக்கும் மழைக்கும் சற்றே அசைந்து கொடுக்கும். விறைத்த பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், போன வழியே வெளியே வராது. கடைசியில் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு பூச்சுக்குச் செலவு செய்த குடும்பம் அப்போது சுவருக்கே செலவு செய்ய வேண்டி வரும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

பூச்சைத் தேர்ந்தெடுப்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை உள்ளன.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். உடைந்த கூரை ஓடு, அடைபட்ட மழைநீர்க் குழாய், லோங்காங் நிரம்பிச் சுவரோரம் தேங்கும் நீர், குளிரூட்டியின் சொட்டுக்குழாய், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயின் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். தெருவைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதால் வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஓர் எளிய சோதனையும் உண்டு. அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் அது சுவரிலிருந்து வருவது. முன்னால் முத்து முத்தாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம். முன்னதற்கும் பின்னதற்கும் மருந்து வேறு. கடைகளில் கிடைக்கும் ஈரமானி, உப்பு இருக்கும் சுவரில் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது, பின்னாளில் பூசிய சிமெண்டை மெதுவாக அகற்றுவது. கறை தெரியும் கோட்டுக்கு மேலும் ஏறக்குறைய ஓர் அடி வரை எடுப்பார்கள். இயந்திரத்தால் அதிரடித்தால் மென்செங்கல் நொறுங்கும், எனவே கையுளிதான் நல்லது.

மூன்றாவது, காயவிடுவது. சுவரின் கனத்தில் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலில் ஒரு பழைய தோராயக் கணக்கு. 9 அங்குலச் சுவர் என்றால் பல மாதம் பொறுக்க வேண்டும் என்று இதிலிருந்தே தெரிகிறது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுக்க வேண்டும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

அதற்குப் பிறகுதான் பூச்சு. சந்தையில் கிடைப்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

ஜிப்சம் பூச்சு: வழவழப்பாக வரும், சீக்கிரம் முடியும். ஆனால் தொடர்ந்து ஈரம் பட்டால் மென்மையாகிக் கெடும். ஓதம் ஏறும் சுவரின் அடிப்பகுதிக்கு இது வேண்டாம்.

சிமெண்டு–மணல் பூச்சு: புதிய கட்டடத்துக்கும் குளியலறைக்கும் நல்லது. பழைய மென்செங்கல் சுவருக்கு ஏன் பொருந்தாது என்று மேலே பார்த்தோம்.

சிமெண்டு–சுண்ணாம்பு–மணல் கலவை: நடுவழி போலத் தோன்றும். வெறும் சிமெண்டைவிடக் குழைவானது. ஆனாலும் சிமெண்டின் விறைப்பு முழுதும் போகாது. கெட்டியான, உப்புப் பிடிக்காத சுவருக்குப் பரவாயில்லை, பொடியும் சுவருக்கு வேண்டாம்.

நீரிலும் இறுகும் சுண்ணாம்பு: இயற்கையாகவே களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வது. ஈரமான இடத்திலும் இறுகும், மூச்சும் விடும். 2, 3.5, 5 என்று வலிமை வகைகள் உண்டு. எண் கூடக் கூட விறைப்பு கூடும். எனவே பழைய சுவருக்குச் சிறிய எண்ணே பொருத்தம். வெளிச்சுவரின் அடிப்பகுதிக்கு இது கைகொடுக்கும்.

காற்றில் இறுகும் சுண்ணாம்பு: நம் பழைய காரை இதுதான். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத கூர்மணல் 3 பங்கு என்பது வழக்கமான அளவு. மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு 10 மில்லிமீட்டர் அளவில் போதும். முதல் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. நம் வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டால் வெடிக்கும், ஆகவே ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பாதுகாக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளையோ, மூச்சுவிடும் கனிமச் சாயமோ அடிக்கலாம். நெகிழிச் சாயம் அடித்தால் செய்த வேலை எல்லாம் வீண். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணையும் தோலையும் பொசுக்கும். தெரிந்தவர் துணையும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மாணவர்கள் முயலவே கூடாது.

வீடு பாதுகாக்கப்பட்ட வட்டாரத்தில் இருந்தால் வேலை தொடங்கும் முன் உரிய அமைப்பிடம் கேட்க வேண்டும். ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் போன்ற வட்டாரங்கள் 1989 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

நடக்கக் கூடியதுதானா?

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் சார், நடைமுறைக்கு வருமா?" என்று மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பினாங்கு லெய்த் தெருவிலுள்ள சியோங் ஃபாட் ட்ஸி மாளிகையைச் சொல்லுங்கள். பாழடைந்து கிடந்த அதை 1989இல் மரபுடைமை ஆர்வலர்கள் சிலர் வாங்கி, பழைய முறைகளையும் பழைய பொருள்களையும் கொண்டே சீரமைத்தார்கள். அதன் புகழ்பெற்ற நீலம், சுண்ணாம்பு வெள்ளையில் அவுரி நீலம் கலந்து அடித்தது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது அதற்குக் கிடைத்தது.

மாளிகைக்குச் சரி, சாதாரணக் குடும்பத்துக்கு? இங்கேதான் உண்மையான சிக்கல். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, வேலை முடிய மாதங்கள் ஆகும், அதுவரை கடையைத் திறக்க முடியாமல் போகலாம். வாடகைக்கு இருப்பவருக்குச் சுவரைத் தொடும் உரிமையே இருக்காது. இவர்களிடம் போய்ச் "சிமெண்டு பூசாதே" என்று உபதேசம் மட்டும் செய்வதில் பயனில்லை. ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யலாம். சுவரை ஒட்டிச் சாய்த்த அலமாரியை ஒரு கை அளவு நகர்த்தலாம். அடைத்த காற்றுத் துளையைத் திறக்கலாம். அவசரம் என்றால் ஒரு சிறு பகுதியை மட்டும் சுண்ணாம்பால் பூசி ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்க்கலாம். சிமெண்டு கெட்ட பொருளும் அல்ல. நம் அடுக்குமாடி வீடுகள் அதனால்தான் நிற்கின்றன. ஒரு காலத்துச் சுவருக்கு இன்னொரு காலத்துப் பொருளை யோசிக்காமல் போடுவதுதான் தவறு.

வகுப்பறைக்கு

இந்தப் பாடத்தை இரண்டு வேளையில் நடத்தலாம். முதல் வேளையில் ஓதம், சாந்து, காரை, சுதை, காளவாய், நீற்றுதல், கிளிஞ்சல் ஆகிய சொற்களைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த வீட்டில் எந்தச் சொல் இன்னும் புழங்குகிறது என்று பட்டியலிடலாம். இரண்டாம் வேளையில் கீழ்க்காணும் வினாக்களைக் குழுவாகப் பேசலாம்.

1. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா? இரு தரப்புக்கும் சான்று தந்து முடிவு கூறுக.

2. 'மதராஸ் சுனம்' என்ற பெயரிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம்? எதை உறுதியாகச் சொல்ல முடியாது?

3. எழுத்து ஆவணம் இல்லாத தொழிலாளர்களின் வரலாற்றை அறிய, கட்டடம் எவ்வாறு சான்றாகப் பயன்படுகிறது?

4. சுண்ணாம்பை விட்டுச் சிமெண்டுக்கு மாறியதற்கான காரணங்களைப் பொருளாதாரம், தொழில்நுட்பம், சட்டம் என வகைப்படுத்துக.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. வினா 4 போன்றவற்றில் காரணங்களை அடுக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் காரணம் எதைத் தூண்டியது என்று இணைத்துக் காட்டுங்கள். "சிமெண்டு மலிவு" என்பது ஒரு தகவல். "உள்நாட்டு உற்பத்தியால் சிமெண்டு எளிதில் கிடைத்தது, அதனால் சுண்ணாம்புக்குத் தேவை குறைந்தது, தேவை குறைந்ததால் அடுத்த தலைமுறை அந்தத் தொழிலைக் கற்கவில்லை, கற்றவர் இல்லாததால் இன்று பழுதுபார்க்கவும் சிமெண்டையே நாட வேண்டியிருக்கிறது" என்பது விளக்கம். புள்ளிகள் விளக்கத்துக்குத்தான் கிடைக்கும்.

அடுத்த முறை ஐந்தடிப் பாதையில் நடக்கும்போது, உரிந்து கிடக்கும் சுவர் ஒன்றின் அருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். சாம்பல் நிறத்தில் பாளமாகத் தெரிவது சிமெண்டு. அதற்குக் கீழே வெளிறிய நிறத்தில், நாணயத்தால் சுரண்டினால் பொடியாக உதிரக்கூடியதாக இருப்பது பழைய காரை. தொட வேண்டாம், பார்த்தாலே போதும். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது, இடையில் என்ன நடந்தது என்று உங்கள் மாணவர்களால் சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது.